நான் விழுங்கிய வாக்கியம்

ஒரு பெண்ணுக்கும் அவளுடைய அண்ணனுக்கும் நான் ஒருமுறை வேண்டுமென்றே பாதியாக மொழிபெயர்த்தேன். நான் சொன்னதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. மெக்சிகன் சாப்பாட்டுக்கடைக்காரி பிரெஞ்சில் சொன்னதில் முதல் பகுதியைத் தமிழில் சொல்லிவிட்டு, மிச்சத்தை விழுங்கிவிட்டேன். அதனால் என் நண்பனுக்குப் பேசிவந்த கல்யாணம் நின்றது. அந்தப் பெண்ணுக்கு வந்த துன்பம் அதைவிடப் பெரியது. காரணம் பொறாமைதான். மரியாதையான வேறு காரணம் ஏதாவது அகப்படுமா என்று பல வருடங்கள் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிசின் லா சப்பலில் அப்போது தமிழ்க்கடைகள் ஒன்றிரண்டுதான். மெத்ரோ ரயில் தலைக்கு மேலே பாலத்தில் ஓடும் தெருவுக்குப் பின்னால், ஒரே அறையில் நாங்கள் ஐந்தாறு பேர் இருந்தோம். நான் பட்டதாரி. விடியற்காலையில் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு, பகலில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போவேன். விசா அட்டைக்கு வரிசையில் நிற்கும் பிரெபெக்த்தூர் அலுவலகம், ஆஸ்பத்திரி, வழக்கறிஞர் என்று எங்கே போனாலும் நான் வேண்டும். எல்லோருக்கும் நான் 'மாஸ்டர்'. ஊரில் ஒரு நாளும் படிப்பித்ததில்லை. ஆனாலும் அந்தப் பட்டம் எனக்குப் பிடித்திருந்தது.

என் நண்பன் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். என்னைவிட நாலைந்து வயது இளையவன். பரீட்சைகளில் பெரிதாகத் தேறியவன் அல்ல. அவன் பாரிசுக்கு வந்தபோது அவனுடைய அகதி விண்ணப்பத்தை நான்தான் உட்கார்ந்து எழுதினேன். அவனுக்கு அட்டை கிடைத்தது. அதே கையால் எழுதிய என்னுடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் கிடந்தது. அட்டை வந்த அன்று அவன் எனக்குச் சட்டை வாங்கி வந்தான். நான் அதைப் போடவேயில்லை.

அவனுக்கு வேலை ஒரு மெக்சிகன் சாப்பாட்டுக்கடையில். எங்கள் அறையிலிருந்து நடந்து போகும் தூரம். ஒரு மெக்சிகோக்காரி தனியாக நடத்திய சின்னக் கடை. ஐம்பது வயதிருக்கும். கட்டையான உருவம், முதுகில் ஒற்றைப் பின்னல், வாயில் எந்நேரமும் ஒரு பாட்டு. என் நண்பன் அங்கே கோப்பை கழுவத்தான் போனான். ஒரு நாள், தனக்கு வேண்டிய பச்சை மிளகாய் பாரிசில் எங்கேயும் இல்லை என்று அவள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் மறுநாள் லா சப்பல் தமிழ்க்கடையிலிருந்து மிளகாயும் ஒரு கட்டுக் கொத்தமல்லி இலையும் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தான். அவள் ஒரு மிளகாயைக் கடித்துப் பார்த்துவிட்டு அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாளாம். அடுத்த மாதம் அவன் அடுப்படியில் நின்றான்.

"மச்சான், வந்து சாப்பிட்டுப் பார். சோள மாவிலை ரொட்டி. எங்கடை ரொட்டி மாதிரித்தான், ஆனா மெல்லிசு. தேசிக்காய்ப் புளி விட்டுத் திண்டா நாக்கு ஊரிலை நிக்கும்" என்று என்னை ஒரு மத்தியானம் கூட்டிக்கொண்டு போனான்.

எட்டோ ஒன்பதோ மேசைகள். சுவரில் மஞ்சள் பூச்சு, கூரையிலிருந்து வெட்டித் தொங்கவிட்ட கலர்க் கடதாசிகள். துணியில் சுற்றி மூங்கில் கூடையில் வந்த சூடான ரொட்டி. கறுத்த அவரைக்கொட்டையை அவித்து மசித்து வதக்கிய ஒரு கறி. சுட்ட மிளகாயும் தக்காளியும் அம்மியில் அரைத்த சம்பல். அது நிஜமாகவே ஒரு கல் அம்மி, மூன்று கால் வைத்தது. என் நண்பன் அவளோடு பாதி பிரெஞ்சிலும் பாதி ஸ்பானிஷிலும் கையாலும் கண்ணாலும் பேசினான். வினைச்சொற்கள் எல்லாம் தலைகீழ். அவள் அவனை 'மகனே' என்று கூப்பிட்டாள். அவள் முன்னாலேயே நான் அவனுடைய பிரெஞ்சைத் திருத்தினேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "விடுங்கள் ஐயா. எங்களுக்குள் விளங்குகிறது."

எனக்கு அந்த 'எங்களுக்குள்' சுட்டது. பாரிசில் என்னை யாரும் மகனே என்று கூப்பிட்டதில்லை. மொழிபெயர்க்கத்தான் கூப்பிட்டார்கள்.

திரும்பி நடக்கும்போது அவன் ஆவலாகக் கேட்டான்: "எப்பிடி?"

"பரவாயில்லை. கொஞ்சம் உப்புக் கூட" என்றேன். உண்மையில், ஊரைவிட்டு வந்த பிறகு நான் சாப்பிட்ட மிக நல்ல சாப்பாடு அதுதான்.

அந்த வருடம் பாரிசுக்கு வெளியே சார்செலில் இருந்த ஒருவர் தன் தங்கையை ஊரிலிருந்து எடுப்பித்தார். அவர் ஒபர்வில்லியேயில் ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றும் வேலை செய்தவர். என்னைவிட மூத்தவர். பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும்தான் தெரியும். தங்கையை பிரெபெக்த்தூருக்குக் கூட்டிப் போகும் பொறுப்பு என்னிடம் வந்தது. பல நாட்கள் வரிசையில் நின்றோம். அவள் கையில் எப்போதும் ஒரு வாழைப்பழமும் ஒரு துண்டுப் பாணும் இருக்கும். ஒரு நாள் நான் எனக்கு வாங்கிய கோழி சான்ட்விச்சில் பாதியை நீட்டினேன்.

"வேண்டாம் அண்ணை. நான் மச்சம் சாப்பிடுறேல்லை."

"வெள்ளிக்கிழமை இல்லையே இண்டைக்கு?"

"எண்டைக்கும் இல்லை. அம்மா அங்கை தனிய நிக்கிறா. அவ இஞ்சை வந்து பிளேனாலை இறங்கிற வரைக்கும் மீன், முட்டை, இறைச்சி ஒண்டும் வாயிலை வைக்கமாட்டன் எண்டு நேர்ந்துபோட்டு வந்தனான்."

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த பிடிவாதம் எனக்குப் பிடித்தது. அவள் என்னை 'அண்ணை' என்றது பிடிக்கவில்லை. ஆனால் அது எங்கள் ஆட்கள் எல்லோரும் எல்லோரையும் கூப்பிடும் சொல்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன். அவளுடைய அண்ணன் நன்றாக விசாரிக்கக்கூடியவர், ஒரு பட்டதாரியை விட்டுவிடமாட்டார் என்று கணக்குப் போட்டேன். தலைமயிரை வெட்டிக்கொண்டேன். நண்பன் தந்த சட்டையைக்கூட எடுத்து விரித்துப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் லா சப்பலுக்கு வந்து என்னைத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார்.

"மாஸ்டர், ஒரு நல்ல விசயம். உங்களை நம்பித்தான் கேக்கிறன்."

என்னைத்தான் கேட்கப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கேளுங்கோ அண்ணை."

"உங்கடை கூட்டாளி, அந்த மெக்சிகன் கடைப் பெடியன். ஆள் எப்பிடி? குடி, வெறி ஏதும்?"

தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்ல பெடியன்" என்றேன். அதாவது உண்மையைச் சொன்னேன். அந்த உண்மைக்குப் பிறகு யாராவது எனக்கு ஈடு கட்டியாக வேண்டும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். எங்கள் அறையில் மெத்தைகளுக்கு நடுவில் கால் வைக்க இடமில்லை. பெண் வீட்டுக்குப் போய்க் கை நனைத்தால் சம்மதம் என்று ஆகிவிடும். அண்ணனுக்கு அவசரப்பட விருப்பமில்லை. என் நண்பன்தான் சொன்னான்: "கடைக்கு வரட்டும். நானே சமைச்சுப் போடுறன்."

அதைக் கேட்டு அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். "பொம்பிளையைப் பாடச் சொல்லிக் கேட்ட காலம் போய், மாப்பிள்ளையைச் சமைக்கச் சொல்லித் திண்டு பாக்கிற காலம் வந்திட்டுது மாஸ்டர்!"

கடைக்காரியோடு பேச ஆள் வேண்டும் என்று என்னையும் வரச் சொன்னார்கள்.

சனிக்கிழமை மத்தியானம். கடையில் வேறு இரண்டு மேசைகளில்தான் ஆட்கள். அந்தப் பெண் மெரூன் சேலை கட்டியிருந்தாள். என் நண்பன் வெள்ளை மேலங்கியோடு வெளியே வந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் துடைத்துக்கொண்டே நின்றான்.

"இஞ்சை பச்சை மிளகாய்க்குப் பயப்பிடுவியளோ?" என்று அவளைக் கேட்டான். அதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது.

"நீங்கள் போடுறதைப் பொறுத்து" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். எத்தனையோ வரிசைகளில் என் பக்கத்தில் நின்றவள் அப்படி ஒரு நாளும் சிரித்ததில்லை. நான் மேசையில் இருந்த உப்புக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் அடுப்படிக்குள் போனான். கடைக்காரி கூடையில் ரொட்டியும், மண் தட்டுகளில் அவரைக் கறியும், சம்பலும், வாட்டிய வெங்காயமும் கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பெண் ரொட்டியைக் கிழித்து அவரையில் தொட்டுச் சாப்பிட்டாள். "அண்ணா, நல்லாயிருக்கு" என்று தன் தமையனிடம் சொன்னாள். இன்னும் கொஞ்சம் எடுத்தாள். அவர் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் ஏதோ நினைவு வந்தவராக நிமிர்ந்தார்.

"மாஸ்டர், எங்களோடை வேலை செய்யிற ஒருத்தன் சொன்னவன், இவையள் எல்லாத்துக்கும் பண்டிக் கொழுப்புத்தான் விடுறவையாம். அவரையிலையும் விடுவினமோ? ஒருக்காக் கேளுங்கோ."

நான் கடைக்காரியிடம் கேட்டேன். அவள் ஆமென்று தலையாட்டிவிட்டு விரைவாகப் பேசினாள். வழமையாகப் பன்றிக் கொழுப்பில்தான் செய்வோம், எங்கள் ஊரில் அது இல்லாவிட்டால் அவரைக்கு ருசியே இல்லை என்றாள். பிறகு அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினாள். இன்றைக்கு அப்படி இல்லை, இன்றைக்கு எண்ணெய், காலையிலேயே வந்து இவன் பாத்திரத்தைத் தானே தேய்த்தான், என்னைத் தொடக்கூட விடவில்லை என்றாள். அதற்கு மேலும் ஒன்று சொன்னாள். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்துக் கண்களைச் சுருக்கிச் சிரித்தாள்.

அண்ணனும் தங்கையும் என் வாயைப் பார்த்தார்கள்.

"வழமையாப் பண்டிக் கொழுப்பிலைதான் செய்யிறவையாம்" என்றேன்.

அவ்வளவுதான். அந்த இடத்தில் ஒரு மூச்சு எடுத்தேன். அடுத்த வாக்கியம் என் நாக்கில் இருந்தது; அதைச் சொல்ல எனக்கு நேரமும் இருந்தது. அந்தப் பெண்ணின் கை தட்டின் மேல் அப்படியே நின்றதைப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து அவன் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. அது கடைக்காரியின் பாட்டு. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே ஓடினாள். அண்ணன் கதிரையைப் பின்னே தள்ளினார்.

"அவனுக்கு நேர்த்தி விசயம் தெரியும்தானே, மாஸ்டர்?"

"நான் சொன்னனான்" என்றேன். அதுவும் உண்மை.

"தெரிஞ்சுகொண்டும் பண்டியைத் தீத்தியிருக்கிறான். கடைக்குள்ளை சண்டை வேண்டாம். நான் போறன்."

கடைக்காரி என் தோளைப் பிடித்து என்ன நடந்தது என்று கேட்டாள். பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று பிரெஞ்சில் சொன்னேன். அவள் ஒரு கிளாஸ் தண்ணீரோடு கதவுவரை ஓடினாள். மெத்ரோ பாலத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் வாந்தி எடுப்பது கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது.

அப்போதுதான் என் நண்பன் வெளியே வந்தான். இரண்டு கையிலும் கிண்ணங்கள். பாலில் வேகவைத்த அரிசி, மேலே கறுவாத் தூள். எங்கள் பாற்சோறு மாதிரி இனிப்பாகச் செய்வது. வெறும் கதிரைகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எங்கை மச்சான், அவை?"

பன்றிக் கொழுப்பென்று நினைத்துப் போய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அன்று மாலையே அவன் மிச்சத்தையும் அறிந்துகொண்டான். தான் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னதாகக் கடைக்காரி அவனிடம் சொன்னாள். அவன் என்னிடம் வந்தான். கோபமாக இல்லை, கெஞ்சுவது போல வந்தான்.

"மனிசி எண்ணெய் எண்டு சொன்னவவாம். உனக்குக் கேக்கேல்லையோ?"

"அவ கடகடவெண்டு கதைச்சவ. எனக்குப் பிடிபடேல்லை."

"சரி விடு. நீ ஒருக்கா சார்செலுக்குப் போய்ச் சொல்லிவிடு மச்சான். நான் சொன்னா நம்பாயினம். நீ சொன்னா நம்புவினம்."

போவதாகச் சொன்னேன். கார் து நோர் ரயில் நிலையம்வரை நடந்து போய், ரயில்கள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவன் அறை வாசலிலேயே நின்றான். அவனுக்கு ஒரு பதில் வேண்டும். நடந்து வரும்போதே ஒன்றைச் செய்து வைத்திருந்தேன்.

"எண்ணெயிலை சமைச்சாலும் சட்டி கொழுப்புச் சட்டிதானே எண்டு சொல்லுறார். ஒட்டிக்கொண்டு இருந்திருக்குமாம். இனி இந்தக் கதையே வேண்டாமாம்."

அவன் மெத்தையில் உட்கார்ந்தான். "நல்லாத்தான் தேய்ச்சனான்" என்றான். பிறகு, "கைபிடிக்குக் கீழை பாக்கேல்லையோ தெரியேல்லை" என்றான். மறுநாள் புதிதாக ஒரு நீலச் சட்டி வாங்கிப் போய்க் கடை அடுப்படியில் தனியாக ஓர் ஆணியில் மாட்டினான். அதில் கொழுப்போ இறைச்சியோ படக்கூடாது என்று கடைக்காரியிடமும் சொல்லிவைத்தான். அவளுக்கு ஏன் என்று விளங்கியிருக்கும். அவள் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. சார்செல் அண்ணன் என்னைக் கண்டால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தச் சாப்பாட்டை நினைவுபடுத்தும் முகம் என்னுடையது.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவர்களுடைய அம்மா ஊரில் காய்ச்சலில் இறந்துபோன செய்தி வந்தது. போரில் பாதை பூட்டியிருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லையாம். துக்கம் விசாரிக்க நானும் போனேன். அந்த வீட்டின் கூடத்தில், பூ வைத்த படத்துக்குப் பக்கத்தில், அவள் தரையில் இருந்தாள். யாரோ ஓர் அம்மா அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

"என்னாலைதான் அன்ரி" என்று அவள் சொன்னாள். "அம்மாவுக்கெண்டு நேர்ந்துபோட்டு, அந்தக் கடையிலை போய் வாயை அவிழ்த்தனான். நேர்த்தி முறிஞ்சு போச்சு. அதுதான் அவ வந்து சேரேல்லை."

அழுதுகொண்டு சொல்லவில்லை. முடிந்துபோன கணக்கைச் சொல்வதைப் போலச் சொன்னாள். இத்தனை நாளும் அவள் அதைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவனுக்குத்தான் கேடு செய்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளை நான் யோசிக்கவே இல்லை. அவள்மேல் ஆசைப்பட்டவன் நான்.

எட்டாம் நாள் சடங்கு முடியும்வரை பொறுத்திருந்து, ஆட்கள் குறைந்த ஒரு மத்தியானம் திரும்பப் போனேன். அண்ணனையும் தங்கையையும் இருக்கச் சொல்லிவிட்டு, நடந்ததைச் சொன்னேன். ஒன்றுக்கும் மெருகு பூசவில்லை.

அண்ணன் எழுந்தார். அவள் அவருடைய கையைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

"அண்டைக்கு எண்ணெயோ?"

"ஓம். எண்ணெய்."

"சத்தியமா எண்ணெயோ?"

"சத்தியமா. காலமை வந்து தானே சட்டியைத் தேய்ச்சவனாம்."

"அந்த மனிசி வேறை என்ன சொன்னவ? முழுக்கச் சொல்லுங்கோ."

சொன்னேன். அந்த வாக்கியம் எனக்கு மறக்கவில்லை. 'இந்தப் பிள்ளை தாய்க்காக வாயைக் கட்டியிருக்கிறாளாம். என் தாயும் தூரத்தில்தான் இருக்கிறாள். பயப்படாமல் சாப்பிடச் சொல்லுங்கள் அவளை.'

அவள் அப்போதுதான் அழுதாள். படத்தைப் பார்த்து, "அம்மா, நான் சாப்பிடேல்லையம்மா, நான் சாப்பிடேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அண்ணன் கதவைத் திறந்து பிடித்தார். "வெளியிலை போம்" என்றார். என்றும் 'நீங்கள்' என்று பேசியவர்.

நான் படியிறங்கினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன சொற்கள் வாயிலேயே இருந்தன.

அதே நாள் மாலையில் நண்பனிடம் போனேன். கடை திறக்கும் முன் அவன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை கத்தியைக் கீழே வைக்கவில்லை, வெட்டவும் இல்லை.

"அப்ப அந்தச் சட்டிக் கதை?"

"அதையும் நான்தான் சொன்னனான். நான் சார்செலுக்குப் போகவேயில்லை."

"சட்டி சுத்தமாத்தான் இருந்திருக்கு, என்ன?" என்றான். அவனுக்கு முதலில் வந்தது அதுதான். ஒரு கணம் அவன் முகத்தில் நிம்மதிகூடத் தெரிந்தது. பிறகு அது போய்விட்டது.

"என்ரை கேசை எழுதினவன் நீ. அதுக்காக உன்னை அடிக்காமல் விடுறன். இனி இஞ்சை வராதை."

அடித்திருக்கலாம். அவளுக்கு அதற்குள் லண்டனில் ஒருவரைப் பேசி முடித்திருந்தார்கள். எல்லாம் தெரிந்த பிறகும் அதை மாற்ற யாரும் முயலவில்லை, வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அண்ணன் மட்டும் ஒரு நாள் கடைக்குப் போய் என் நண்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். நான் அதற்குப் பிறகும் ஆட்களுக்கு மொழிபெயர்த்தேன், பிழைப்பு அதுதான். ஆனால் எதிராளி பேசி முடித்ததும், "இவ்வளவுதானா, வேறு ஏதும் உண்டா?" என்று இரண்டு பக்கமும் கேட்காமல் விடுவதில்லை. சிலர் அதை என் நிதானம் என்று புகழ்ந்திருக்கிறார்கள்.

கடைக்காரி வயதாகித் தன் ஊருக்குத் திரும்பியபோது கடையை என் நண்பனிடம் விட்டுப் போனாள். அவன் பின்னால் கல்யாணம் செய்தான், பிள்ளைகள் உண்டு. தெருவில் கண்டால் தலையை அசைப்பான். நான் அந்தப் பக்கத்து நடைபாதையால் போவதில்லை.

சில வருடங்களுக்கு முன் லா சப்பலில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, எங்களை அந்தக் காலத்திலிருந்தே அறிந்த கடைக்காரர் சொன்னார்: "மாஸ்டர், லண்டனிலை இருந்து அந்தச் சார்செல் அண்ணையின்ரை தங்கச்சி வந்தவ. மனிசன், பிள்ளையள் எல்லாரும். உங்கடை கூட்டாளியின்ரை கடையிலைதான் சாப்பாடு. அவரைக்கறியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் திண்டவவாம். அவனும் அடுப்படியை விட்டிட்டு வந்து அவையோடை இருந்து, சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சவனாம். நீலச் சட்டியை எல்லாம் காட்டினவனாம்."

சந்தோசப்பட வேண்டிய செய்தி. எனக்கு நெஞ்சில் குத்தியது, அன்று அவர்கள் சிரித்தபோது உப்புக் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்தப் பழைய பொறாமைதான். இந்த வயதிலும் அது அப்படியே இருந்தது. அந்த மேசையில் எனக்கும் ஒரு கதிரை இருந்த காலம் ஒன்று உண்டு.

"என்னைப் பற்றி ஏதும் கேட்டவவாமோ?" என்றேன்.

அவர் தராசிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "உங்களையோ? ஏன் மாஸ்டர், உங்களைப் பற்றி என்னத்தைக் கேக்கிறது?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.